குதிகாலைச் சிவப்பில் பார்த்த வருஷம்

ஆய்வுகூடத்தில் உனக்குப் பிடித்த நிறம் எது என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கேள்வி முடிவதற்குள் சிவப்பு என்று சொல்லியிருப்பேன்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தது தென் லண்டனில் ஓர் ஆசுபத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுக்கிற சதைத்துண்டு, தோல்துண்டு, மச்சம், கட்டி எல்லாம் மூடி போட்ட சின்னப் போத்தல்களில் எங்களிடம் வரும். அவற்றை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் அள்ளிச் சாயம் போட்டு மேல்மாடி டொக்டர்மாருக்குக் கொடுப்போம். அவர்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று எழுதுவார்கள். சாதாரணச் சாயத்தில் பார்த்து அவர்களுக்கு விளங்கவில்லையென்றால் அந்தத் துண்டு எங்கள் பிரிவுக்குத் திரும்பி வரும். எங்களுடையது ஆன்டிபாடிப் பிரிவு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிறபொருளெதிரி என்று பாடமாக்கிய அதே சாமான்தான். அப்போது அது உடம்புக்குள் நின்று கிருமியோடு சண்டை பிடிக்கிற ஒன்று என்று மட்டும்தான் தெரியும். போத்தலில் வரும், குளிர்ப்பெட்டியில் இருக்கும், துளித்துளியாக விடலாம் என்றெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு ஆன்டிபாடி ஒரேயொரு புரதத்தைத்தான் தேடும். கலியாண மண்டபத்தில் அத்தனை சனத்துக்குள்ளும் தன் சொந்தக்காரியை மட்டும் கண்டுபிடித்துப் போய்க் கையைப் பிடித்துக்கொள்கிற மாமிமாரைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அப்படி. பிடித்தால் விடாது. அதன் முதுகில் ஒரு நிறத்தை ஏற்றிவிட்டால், தேடிய செல்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று வெளிச்சமாகத் தெரிந்துவிடும். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடிகள் உண்டு. மெலனோமா என்ற புற்றுநோய் அந்தச் செல்கள் கெட்டுப்போவதால் வருவது. கெட்டதா நல்லதா என்று ஆன்டிபாடி சொல்லாது. நிற்கிற இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். அவை தோலின் மேற்படையின் அடியில், வரிசையில் நிற்கவேண்டியவை. மேலே ஏறியோ கீழே இறங்கியோ நின்றால்தான் டொக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுப்பார்.

நிறம் ஏற்றுகிறோம் என்றேனே, அது வழக்கமாக மண்ணிறம். ஈரல், குடல், மார்பு எல்லாவற்றுக்கும் மண்ணிறம் அருமையாக எடுபடும், பின்னணி நீலமாக இருப்பதால். தோலில் மட்டும், அதுவும் எங்களுடைய தோலில், தொல்லை. நிறம் கொடுக்கிற செல் தானே மண்ணிறத்தைச் செய்து வைத்திருக்கிறது. மண்ணிறத்துக்கு மேல் மண்ணிறத்தைப் பூசினால் எது சாயம், எது தோல் என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் சிவப்பு. குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் அந்தப் போத்தல் இருக்கும். எப்போதாவதுதான் வெளியே வரும். வருகிற நாளில் நான் யாருடைய வேலையையாவது பறித்துக்கொண்டு போய் முன்னால் நிற்பேன். நீலப் பின்னணியில் செம்பருத்தி மொட்டுப் போலப் பொட்டுப்பொட்டாகச் சிவப்பு எழுந்து வருவதை முதன்முதல் கண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்ததாக மேற்பார்வையாளர் பின்னாட்களில் எல்லோருக்கும் சொல்வார். அவர் ஓர் அயர்லாந்துக்காரி, கொஞ்சமாகத்தான் கதைப்பார், எதையும் மறக்கமாட்டார்.

அந்த நிலக்கீழ்த் தளத்தில் இப்போது பழைய கட்டில்களை அடுக்கியிருக்கிறார்களாம். எங்கள் வேலையெல்லாம் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது, நானும் கூடவே போய்விட்டேன். ஸ்லைடுகளை இயந்திரம் படம் பிடிக்கிறது, டொக்டர்மார் வீட்டிலிருந்தே திரையில் பார்க்கிறார்கள். நான் வேகத்தை விரும்புகிற ஆள், புதியது எதுவென்றாலும் முதலில் கை தூக்குபவள், ஆகவே எனக்குக் குறை சொல்ல வாய் இல்லை. இருந்தாலும் மதியத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது எனக்கு அந்த ஒரு வருஷம்தான் நினைவுக்கு வருகிறது. ஜன்னல் இல்லாத அறை, சூடான மெழுகின் மணம், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கக்கூடிய இரட்டைத்தலை நுணுக்குக்காட்டி. அதோடு லூயிஷாமில் சித்தப்பாவின் வீடு.

அம்மாவும் அப்பாவும் ரெய்னர்ஸ் லேனில். அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருவது ஏலாத காரியம் என்று சொல்லி, சித்தப்பாதான் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அப்பாவின் தம்பி. தமிழ்க் கடைகளுக்கு வான் வண்டியில் மரக்கறி போடுகிற வேலை. விடியச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வார். முருங்கைக்காய்க் கட்டுகள் என் தோளில் இடிக்க, மடியில் வல்லாரைப் பெட்டியோடு நான் ஆசுபத்திரி வாசலில் போய் இறங்குவேன். என்னுடைய வெள்ளைக் கோட்டில் எப்போதும் கறிவேப்பிலை மணந்தது. சித்தப்பா வானில் பாட்டுப் போடமாட்டார். முந்தின நாள் ஆய்வுகூடத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்பார், நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வருவேன், அவர் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கேள்வி வைத்திருப்பார். ஆன்டிபாடி ஆட்டிலிருந்து வருகிறதா, முயலிலிருந்து வருகிறதா என்று ஒரு கிழமை விவாதித்தோம்.

அவருடைய வலது குதிகாலின் அடிப்பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது. இதைச் சும்மா மச்சம் என்று சொல்லிவிட முடியாது, எங்கள் குடும்பத்தில் அதற்குத் தனி மரியாதை. உள்ளங்காலில் மச்சம் இருப்பவன் கடல் தாண்டுவான் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். சித்தப்பா கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து ஒரு லொறியில் ஜெர்மனி, பிறகு பிரான்ஸ் என்று ஒவ்வோர் எல்லையாகத் தப்பி வந்த கதையில், ஒவ்வோர் எல்லையிலும் அந்த மச்சத்துக்கு ஒரு பங்கு இருக்கும். கூட வந்த இரண்டு பேரைப் பிடித்தார்கள், இவரைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் மச்சம். விசா கிடைத்தது, மச்சம். சின்ன வயதில் நாங்கள் ஒன்றுவிட்ட சகோதரர் எல்லோரும் நிலத்தில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக் காட்ட, அவர் ஒவ்வொரு பாதமாகப் பார்த்து, நீ கனடா, நீ ஒஸ்ரேலியா, நீ ரெய்னர்ஸ் லேனை விட்டு அசையமாட்டாய் என்று சொல்வார். அசையமாட்டாய் என்றது எனக்குத்தான்.

ஒருநாள் கோயிலில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நிலத்தில் வரிசையாகச் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா என் பக்கத்தில். சப்பாணி கட்டினால் உள்ளங்கால் மேலே பார்க்கும். நான் சாம்பாருக்காகக் காத்திருந்தபோது சும்மா கீழே பார்த்தேன். எனக்குத் தெரிந்த மச்சம் பருப்பளவு, உருண்டை. இது ஒரு பக்கம் கசிந்த மை மாதிரிப் பரவியிருந்தது, ஓரம் கிழிந்திருந்தது, ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் சாம்பல். அதற்கு முந்திய கிழமைதான் நான் பயிற்சிக்காக இதைப் படித்திருந்தேன். கறுத்த தோல்காரருக்கு மெலனோமா அரிது, வந்தால் வெயிலே படாத இடத்தில், உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வரும். சாம்பார் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

வானில் ஏறியதும் கேட்டேன். எப்போதிருந்து இப்படி இருக்கிறது? சித்தப்பா பெருமையோடு சொன்னார்: மூன்று நாலு வருஷமாகப் பெருத்துக்கொண்டு வருகிறதாம். அது பெருக்கத் தொடங்கிய வருஷம்தான் இரண்டாவது வான் வாங்கினாராம். டொரொன்டோவிலிருக்கிற பெரிய அத்தைக்குச் சித்தி படமெடுத்து அனுப்பினாராம், அத்தை யாரிடமோ கேட்டு, மச்சம் வளர்ந்தால் பிறநாட்டில் வீடு வளவு வாய்க்கும் என்று பதில் போட்டாராம். எல்லோரும் சந்தோஷமாக அந்தப் படத்தைக் கைமாற்றிப் பார்த்திருக்கிறார்கள். இத்தனை பேர் பார்த்து வாழ்த்தியிருக்கிறார்கள். ஒருவருக்கும் டொக்டர் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வானில் ஆன்டிபாடிக் கதை சொல்வதை நிறுத்தினேன். ஏறியதும், டொக்டரிடம் கேட்டீர்களா சித்தப்பா. இறங்கும்போது, இன்றைக்குக் கேளுங்கள் சித்தப்பா. சித்தி என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டு, ராசியான மச்சத்தில் கத்தி படக் கூடாது, நீ படித்த பிள்ளை, ஆனால் எல்லாவற்றையும் படிப்பிலே பார்க்கக் கூடாது என்று பக்குவமாகச் சொன்னார். நான் பக்குவமாகக் கேட்டுவிட்டு, திரும்ப வானில் ஏறியதும் அதையே தொடங்கினேன். கடைசியில் ஒருநாள் சித்தப்பா வானை ஓரமாக நிறுத்தி, போனை எடுத்து என் கையில் தந்தார்.

“நீயே எடுத்து நேரம் கேள், பிள்ளை. உன்ர தொல்லையிலை வெங்காயப் பெட்டியை மாறி இறக்கிப்போட்டன்.”

குடும்ப டொக்டர் பார்த்த வேகத்திலேயே தோல் டொக்டரிடம் அனுப்பினார். தோல் டொக்டர் விறைப்பூசி போட்டு முழுவதையும் வெட்டியெடுத்துப் போத்தலில் போட்டார். போத்தல் எங்கே வரும்? எங்களிடம்தான்.

அன்று காலை நான் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன், என் சித்தப்பாவினுடையது வரப்போகிறது என்று. அவர் தலையாட்டினார். நீ அதைத் தொடுவதில்லை, பார்ப்பதில்லை, கணினியில் அந்தப் பெயரைத் தட்டுவதுமில்லை என்றார். சீவுகிற மேசையிலிருந்து என்னை எடுத்து, பழைய மெழுகுக் கட்டிகளை இழுப்பறைகளில் அடுக்குகிற வேலையில் போட்டார். எனக்கு ஒரு நிமிஷம் சும்மா நிற்க ஏலாது, அது எல்லோருக்கும் தெரியும், ஆகவே இழுப்பறைகள் நிறையக் கொடுத்தார்.

வீட்டில் அது வேறு மாதிரி விளங்கிக்கொள்ளப்பட்டது. எங்களுடைய பிள்ளை உள்ளே நிற்கிறது, பிறகென்ன கவலை என்று சித்தி ஊருலகத்துக்கெல்லாம் போன் பண்ணினார். எங்கள் ஆட்களுக்கு கவுன்சிலோ, கோயிலோ, ஆசுபத்திரியோ, உள்ளே ஒரு சொந்தக்காரர் இருந்தால் பாதி அலுவல் முடிந்த மாதிரி. மறுநாள் சித்தி ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் சுற்றிக் கட்டித் தந்தார், டொக்டருக்கும் கொடு என்று. வெட்டியெடுத்தவர் வேறு; எங்களிடத்தில் தோல்துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்க்கிற டொக்டர் மதுரைப் பக்கத்துப் பெண். அவருக்கு அது யாருடைய வீட்டு ரோல்ஸ், ஏன் வந்தது என்று நான் மறைக்காமல் சொன்னேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு அவர் சொன்னார்:

“ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுங்க. ரோல்ஸ் சாப்பிட்டா ரிசல்ட் மாறாதுன்னும் சொல்லிடுங்க.”

சித்தப்பா மட்டும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால், நேராகக் கேட்கவில்லை. வானை எடுக்கும்போது, கடைக்காரர் பெட்டி எங்கே வருகிறது என்று கேட்கிற அதே குரலில், என்ரை கால் இப்ப எங்க நிக்குது என்பார். நான் பொதுவாக, ஒருவருடைய துண்டு வந்தால் முதல் நாள் என்ன நடக்கும், அடுத்த நாள் என்ன நடக்கும் என்று சொல்வேன். அவர், அப்ப இண்டைக்கு மெழுகுக்குள்ள படுத்திருக்கும் என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். உண்மையாகவே சிரித்தோம்.

சித்திதான் விடவில்லை. ஒரு பின்னேரம் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஒருக்கா எட்டிப் பாத்தா என்ன குறைஞ்சு போகும்? கண்ணாலை பாக்கிறதுக்கும் சட்டமோ?”

“ஓம் சித்தி. அதுக்கும்தான்.”

“அப்ப நீ அங்க நிண்டு என்ன பிரயோசனம்?”

சித்தப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, பிள்ளையை விடுமப்பா என்றார். சித்தி விட்டார். அன்றிரவு எனக்குப் போட்ட சோற்றில் அவருடைய கோபம் தெரிந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தார்.

எட்டிப் பார்க்கத் தேவையில்லாமலே அது என்னிடம் வந்தது. நான் இழுப்பறையோடு குனிந்திருந்தபோது, மதுரை டொக்டர் கீழே இறங்கி வந்து மேற்பார்வையாளரிடம் ஒரு தட்டை நீட்டினார். நான் பின்னால் இருப்பதை அவர் காணவில்லை. இந்தக் குதிகாலுக்கு இயந்திரம் வழக்கப்படி மண்ணிறம் போட்டுவிட்டது, தோலின் நிறம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, ஒன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை, சிவப்பில் திரும்பப் போடுங்கள் என்றார். மேற்பார்வையாளர் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து போத்தல் எடுக்கிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

சிவப்பு என்றால் மெலனோமா என்று அர்த்தமில்லை. டொக்டருக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அதே நேரம், சும்மா மச்சமென்றால் ஆன்டிபாடியே தேவைப்பட்டிருக்காது. ஆக எனக்குக் கிடைத்தது அரைவாசிச் செய்தி. கெட்டது என்று சொல்ல முடியாது, நல்லது என்று ஆறுதல் படவும் முடியாது. அதை எந்தப் பைக்குள் வைப்பது என்று தெரியாமல் மீதி நாள் முழுக்க இழுப்பறைகளை அடுக்கினேன். முதல் தடவையாக, சிவப்புப் போடுகிற மேசைக்குப் பக்கத்தில் நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கரம் விளையாட்டுப் பலகையை எடுத்து வைத்தார். அவர் சிவப்புக் காயைப் போட்டு, தொடர்ந்து வெள்ளையையும் போட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் தோற்றேன், திரும்ப ஆடினேன், திரும்பத் தோற்றேன். ஏதாவது சொன்னால் அந்த அரைவாசிச் செய்தியும் கூடவே வெளியே வந்துவிடும் என்று பயந்து, அந்த முழு மத்தியானமும் நான் வாயைத் திறக்கவில்லை. என்ன, பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று சித்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

முடிவைக் கேட்கப் போகும்போது சித்தப்பா என்னையும் வரச் சொன்னார். தோல் டொக்டர் சுற்றிவளைக்கவில்லை. இது மெலனோமா. மெல்லியது, ஆழமாக இறங்கமுன் பிடித்துவிட்டோம். இன்னும் அகலமாக வெட்ட வேண்டும், தொடையிலிருந்து தோலெடுத்துக் குதிகாலில் ஒட்ட வேண்டும். சித்தி என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தியது. சித்தப்பா ஒரேயொரு கேள்வி கேட்டார்: எப்போது திரும்ப வான் ஓடலாம்? வாகனத் தரிப்பிடத்துக்கு வந்ததும் அவர் நின்றார்.

“உனக்கு முதலே தெரியுமோ, பிள்ளை?”

“அரைவாசி தெரியும்.”

“அந்த அரைவாசியை வைச்சுக்கொண்டே என்னோட கரம் விளையாடினனி?”

நான் ஓம் என்றேன். அவர் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, நடந்து போய் வானின் கதவைத் திறந்தார். கோபமா, பாராட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சத்திரசிகிச்சை நடந்தது. அகலமாக வெட்டியெடுத்த துண்டும் எங்களிடமே வந்தது, நான் திரும்ப இழுப்பறைகளுக்குப் போனேன். முடிவு நன்றாக வந்தது. ஓரங்களில் ஒன்றுமில்லை, முழுவதும் எடுத்தாயிற்று என்று தோல் டொக்டர் சொல்லி, கடிதமும் அனுப்பினார். சித்தி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, எல்லா அத்தைமாருக்கும் போன் பண்ணி, அழுது, சிரித்து முடித்தார்.

சித்தப்பா எழும்பவில்லை.

தையல் ஆறிவிட்டது, ஒட்டின தோல் பிடித்துவிட்டது, மெதுவாக ஊன்றி நடக்கலாம் என்று தாதி சொல்லியும் அவர் காலைக் கீழே வைக்க மறுத்தார். சாய்மனையில் காலை நீட்டிப் போட்டு, குதிகாலுக்கடியில் தலையணை வைத்து, நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வானை ஒரு பெடியன் ஓட்டினான். நான் ரயிலில் வேலைக்குப் போனேன், கோட்டில் கறிவேப்பிலை மணம் இல்லாமல் போனது. மரக்கறி விலை கேட்டுக் கடைக்காரர் எடுத்தால் சித்தப்பா போனைச் சித்தியிடம் நீட்டுவார். ஒரு மொழி தெரியாமல், ஒரு காகிதம் இல்லாமல் அத்தனை எல்லை கடந்த மனுஷன், வாசற்கதவு வரை நடக்கவில்லை.

ஒருநாள் வேலையால் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நான் எத்தினை வருஷம் பெட்டி இறக்கினனான். செவன் கிங்ஸ் கடைக்குப் போறது லூயிஷாமிலை இறங்கியிருக்கு. அவையள் பாத்தது என்ரை காலைத்தான் எண்டு ஆருக்குத் தெரியும்?”

அதற்கு என்னிடம் நல்ல பதில்கள் இருந்தன. போத்தலில் இலக்கம், மெழுகில் இலக்கம், கண்ணாடியில் இலக்கம், ஒவ்வொரு கைமாறலிலும் இரண்டு பேர் சரிபார்ப்பது. எல்லாவற்றையும் சொன்னேன், வேகமாகச் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்றார். தலையணையைச் சரிசெய்தார்.

இதை மதுரை டொக்டரிடம் சொன்னபோது, அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். தன் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று நோயாளி கேட்டால் காட்டலாம், எப்போதாவது சிலர் கேட்பதுண்டு, அவரே தாதி மூலம் கேட்கட்டும், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நானும் பார்க்கலாமா என்று கேட்டேன். உங்கள் சித்தப்பா அனுமதித்தால் பார்க்கலாம் என்றார். சித்தப்பாவிடம் சொல்ல, அவர் சாய்மனையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, அந்த இரட்டைத்தலை மிஷினோ என்றார். வானில் நான் சொன்ன கதைகளில் ஒன்றையும் அவர் மறக்கவில்லை.

ஊன்றுகோலோடு, குதிகால் நிலத்தில் படாமல், முன்பாதத்தால் கெந்திக்கெந்தி அவர் எங்கள் நிலக்கீழ்த் தளத்துக்கு வந்தார். மேற்பார்வையாளர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். டொக்டர் ஒரு தலையில், சித்தப்பா எதிர்த்தலையில். நான் டொக்டருக்குப் பின்னால் நின்றேன், பிறகு அவர் தன் இடத்தை எனக்கு விட்டு, பக்கத்தில் நின்று ஸ்லைடை நகர்த்தினார். முதலில் ஸ்லைடின் ஒட்டுத்தாளைச் சித்தப்பாவிடம் காட்டினார். சித்தப்பா அந்த இலக்கத்தைத் தன் கடிதத்திலிருந்த இலக்கத்தோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டார், சந்தையில் பெட்டி எடுக்கிற மாதிரி. பிறகுதான் கண்ணை வைத்தார்.

முதலாவது ஸ்லைடு, மச்சம். நான் இதுவரை பார்க்காதது. நீலத்தின் நடுவே சிவப்பு, எத்தனையோ சிவப்பு, அடிவரிசையைவிட்டு மேலே ஏறிச் சிதறி, கீழேயும் கொஞ்சம் இறங்கி. எனக்கு மிகவும் பிடித்த நிறம். வழக்கமாக நான்தான் விளக்கம் சொல்வேன், அன்று டொக்டர் சொன்னார். என்னைச் சற்று விலக்கிக் குனிந்து, நுணுக்குக்காட்டிக்குள்ளே தெரிகிற சின்னப் பச்சை அம்பை நகர்த்தி, இங்கேயிருந்து இங்கே வரைக்கும் இறங்கியிருந்துச்சு, இதுக்கு மேல போகல என்றார். சித்தப்பா, ஸ்லைடின் ஒரு மூலையில் தனியாக இருந்த இன்னொரு துண்டைப் பற்றிக் கேட்டார்.

“அதார்?”

“அது வேற ஒராள், சித்தப்பா. சாயம் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாக்க, தெரிஞ்ச ஒரு துண்டைப் பக்கத்திலை வைக்கிறது.”

“அந்த ஆள் இப்ப எப்பிடி இருக்கிறார்?”

எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் அந்தத் துண்டுகளை நான்தான் ஸ்லைடுகளில் வைத்தேன், இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததேயில்லை.

டொக்டர் இரண்டாவது ஸ்லைடை வைத்தார். அகலமாக வெட்டியெடுத்ததன் ஓரம். சித்தப்பா இந்த முறையும் இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“இதிலையும் சிவப்பு இருக்கே, டொக்டர்.”

“ஆமா, இருக்கும். பயப்படாதீங்க அண்ணா. திரும்பப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு பாருங்க.”

அவர் திரும்பக் குனிந்தார். நானும் குனிந்தேன். தோலின் அடியோரமாக ஒரு சிவப்புப் பொட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு பொட்டு, இன்னும் கொஞ்சம் இடைவெளி. மேலே ஒன்றும் ஏறவில்லை. கீழே ஒன்றும் இறங்கவில்லை.

“அது இருக்க வேண்டியதுதான், சித்தப்பா,” என்றேன். “என்ர தோலிலையும் இருக்கு, டொக்டரின்ர தோலிலையும் இருக்கு. அது தன்ர இடத்திலை நிக்குது.”

“இதுதான் கரையோ?”

“இதுதான் கரை.”

“இதுக்கு அங்கால?”

“அங்கால உங்கட கால்தான்.”

டொக்டர் ஸ்லைடை எடுக்கக் கையை நீட்டினார். சித்தப்பா கண்ணை எடுக்காமலே ஒரு கையால் தடுத்தார்.

“இதிலேயே கொஞ்சம் நிக்கட்டும், டொக்டர்.”

டொக்டர் கையை எடுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நெற்றியைக் கொடுத்துக்கொண்டு, அந்த நீலக் கரையையும் அதன் அடியில் நின்ற நாலைந்து சிவப்புப் பொட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. நான் கண்ணை எடுத்தபோது மேசைக்குக் கீழே அவருடைய வலது கால் தெரிந்தது. குதிகால் நிலத்தில் இருந்தது.